அமைச்சரா, செயலாளரா: முந்த்ரா விவகாரமும் கோப்பில் இல்லாத ஒரு வரியும்

சேலத்தில் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், ஒரு வரலாற்றுக் கேள்வி. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணத்தில் ஒரு தொழிலதிபரின் பங்குகளை வாங்கியதால் 1957-58-இல் வெடித்த முந்த்ரா விவகாரத்தில், மத்திய நிதித்துறையின் முதன்மைச் செயலாளராக இருந்த எச்.எம். படேல் குற்றம் செய்தவரா, அல்லது அமைச்சருக்காகப் பலிகடா ஆக்கப்பட்டவரா என்பதே அவர் எழுதியிருக்கும் வாசகம். ஆனால் கேள்வியின் அடியில் வேறொன்று இருக்கிறது. "அமைச்சர் சொன்னார், நான் செய்தேன்" என்று ஒரு செயலாளர் சொன்னால் அது அவரைக் காப்பாற்றுமா என்பதும், காப்பாற்றாது என்றால் அமைச்சர் எதற்காகப் பதவி விலகினார் என்பதும்தான் அவர் உண்மையில் அறிய விரும்புவது என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் செயலாளர் பதவியில் இருந்தவன் அல்லன். வருவாய்த் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள், அதில் பெரும்பகுதி சேலம் மாவட்டத்தில், நான்கு ஆண்டுகள் மட்டும் சென்னைக் கோட்டையில் அயற்பணியில் இருந்தவன். ஏணியின் மேல்படியில் நின்றவர்களின் மனநிலையை நான் சொல்ல முடியாது. அந்தப் படியிலிருந்து உத்தரவுகள் எப்படிக் கீழே இறங்கி வரும் என்பதை மட்டும் அறிவேன்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாதவை. 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம், இன்று எல்லாரும் எல்.ஐ.சி. என்று சொல்லும் நிறுவனம், செயல்படத் தொடங்கியது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மக்களின் சேமிப்பைத் தங்கள் விருப்பப்படி முதலீடு செய்கின்றன என்பது தேசியமயத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தக் கழகம் பிறந்து பத்து மாதங்கள்கூட நிறையாத 1957 ஜூன் இறுதியில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1 கோடியே 25 லட்சம் ரூபாய்க்கு அது வாங்கியது. ரிச்சர்ட்சன் க்ருடாஸ், ஜெஸ்ஸாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. முந்த்ரா அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தவர். பங்குகள் சந்தையில் பலரிடமிருந்து வாங்கப்படவில்லை. முந்த்ராவுடனேயே பேசி முடிக்கப்பட்டன. கழகத்துக்கு என்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தும், வாங்குவதற்கு முன் அதனிடம் கேட்கவில்லை. 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் இதை எழுப்பினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், அதிலும் பிரதமரின் மருமகன் என்பதால் பேச்சின் கனம் கூடியது. 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒரு நபர் விசாரணை ஆணையமாக நியமிக்கப்பட்டார். விசாரணை பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது; கூட்டம் அரங்கில் அடங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். பிப்ரவரி 10 அன்று அறிக்கை வந்துவிட்டது. ஆணையங்களின் ஆயுளை ஆண்டுக் கணக்கில் அளந்து பழகிய நமக்கு இந்த வேகம் வியப்பாக இருக்கும். அதே பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

அந்த அரங்கில் ஒரு வழக்கம் உடைந்தது. நம் ஆட்சிமுறையில் செயலாளருக்குப் பெயரில்லை, முகமில்லை. கோப்பில் அவர் எவ்வளவு கடுமையாக மறுத்து எழுதியிருந்தாலும், முடிவு வெளியே போகும்போது அது அரசின் முடிவு. மத்தியில் குடியரசுத் தலைவரின் பெயரால், மாநிலத்தில் ஆளுநரின் பெயரால். அவையில் எழுந்து பதில் சொல்வது அமைச்சர். செயலாளர் அவையில் பேச முடியாது, செய்தித்தாளுக்கு மறுப்பு எழுத முடியாது. அதற்கு ஈடாகத்தான் அமைச்சர் அவருக்குக் குடை பிடிக்க வேண்டும் என்ற எழுதாத ஒப்பந்தம். பம்பாயில் அந்தக் குடை மடக்கப்பட்டது. கல்கத்தாப் பங்குச் சந்தை சரிந்துகொண்டிருந்ததால் அதைத் தாங்கிப்பிடிக்கவே இந்த முதலீடு என்றும், அமைச்சருக்கு இது தெரியும், அவர் ஒப்பினார் என்றும் படேல் சொன்னார். தாம் ஒப்புதல் தரவே இல்லை என்று அமைச்சர் சொன்னார். செயலாளர் ஒருபுறமும் அமைச்சர் ஒருபுறமும் நின்று, மக்கள் கேட்க, ஒருவர் வாக்கை ஒருவர் மறுத்தார்கள். சந்தையைத் தாங்கிப்பிடித்தோம் என்ற விளக்கத்தைச் சாக்ளா ஏற்கவில்லை. அந்த நோக்கம் உண்மையானால் ஒரே மனிதரின் நிறுவனங்களை மட்டும் பொறுக்கியெடுத்து வாங்குவானேன் என்று எவருக்கும் தோன்றும்.

இனி ஐயத்துக்கு உரியது. அமைச்சர் "சரி" என்று சொன்னாரா? இதை இன்று யாராலும் தீர்க்க முடியாது. அன்றும் தீர்க்க முடிந்திருக்காது, ஏனென்றால் அது காகிதத்தில் இல்லை. இருவருக்கும் இடையில் நடந்தது ஒரு பேச்சு. ஆயுள் காப்பீட்டுக் கழகச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு கழகத்துக்கு எழுத்து மூலம் அறிவுரை வழங்கலாம் என்கிறது. அந்த "எழுத்து மூலம்" என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர்கள் அழகுக்காகச் சேர்க்கவில்லை. அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, கழகம் இயன்றவரை வணிக நெறிகளின்படி நடக்க வேண்டும் என்கிறது. அதாவது, வணிகக் கணக்குப்படி சரியில்லாத ஒன்றை அரசு செய்யச் சொல்வதானால் அரசு கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கழகம் தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டும். முந்த்ரா விஷயத்தில் எழுத்து மூலமான அறிவுரை ஏதும் இல்லை. நிதிச் செயலாளர் வாயால் சொன்னார். கழகத்தின் தலைவரும் நிர்வாக இயக்குநரும் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். படேல் மீதான என் குறை இங்கேதான் தொடங்குகிறது. அமைச்சர் ஒப்பினார் என்பது உண்மையாகவே இருந்தாலும் இந்தக் குறை நீங்காது.

இதைப் புத்தகத்தை வைத்துச் சொல்லவில்லை. அலுவலகக் கோப்புகளில் ஓரத்தில் ஒரு சொல் எழுதுவார்கள்: "பேசுக." கீழிருந்து வரும் குறிப்பு மேலதிகாரிக்கு உவப்பில்லாமல் இருந்தாலோ, அவர் எழுத விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தாலோ, பச்சை மையில் அந்தச் சொல்லும் ஒரு சுருக்கொப்பமும் விழும். கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போவோம். திரும்பி வந்து "பேசப்பட்டது" என்று எழுதி, முன்பு எழுதியதற்கு நேர்மாறான ஒரு பத்தியைத் தொடங்குவோம். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ளே என்ன நடந்தது என்பது தணிக்கைக்கு வருகிறவருக்கும் தெரியாது, நீதிமன்றத்துக்கும் தெரியாது. நாட்டின் பெரிய முறைகேடுகள் பலவும் அந்த இடைவெளியில் பிறந்தவை என்பது என் துணிபு. "பேசுக" என்ற சொல்லில் தவறில்லை; ஐந்து பக்கம் எழுதிக் குழப்புவதைவிட ஐந்து நிமிடம் பேசித் தெளிவது நல்லதுதான். பேசி முடித்த பின் பேசியதை எழுதாமல் விடுவதுதான் தவறு.

தொண்ணூறுகளில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒன்றில் நிலப் பிரிவில் நான் இளையவனாக இருந்தபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். சேர்வராயன் மலைச் சரிவில், ஏற்காடு போகும் வழியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, அரசுப் புறம்போக்கு நிலத் துண்டு ஒன்றை ஒரு தனியார் தங்கும் விடுதிக்குப் பாதைக்காகக் குத்தகைக்குக் கேட்டிருந்தார்கள். இடத்தைப் பார்த்துவிட்டு வந்த கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையில், அந்தத் துண்டின் நடுவே மழைக்காலத்தில் நீரோடை ஓடுகிறது என்று இருந்தது. மறுத்துக் குறிப்பு எழுதியிருந்தேன். கோட்டையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் தம் பெயரைச் சொல்லவில்லை, துறையின் பெயரை மட்டும் சொன்னார். "மேலே எல்லாம் பேசி முடிச்சாச்சு, சாதகமா எழுதி இன்னிக்கே போட்டுடுங்க" என்றார். நானும் பயந்து, "அறிவுறுத்தப்பட்டவாறு, குத்தகைக்குப் பரிந்துரைக்கலாம்" என்று ஒரு பத்தி எழுதி மேலே அனுப்பினேன். எங்கள் தலைமை உதவியாளர் அதிகம் பேசாத மனிதர். மாலையில் கோப்பு திரும்பி வந்தது. "அறிவுறுத்தப்பட்டவாறு" என்ற சொல்லின் அடியில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் பென்சிலாலேயே ஒரே ஒரு சொல்: "யாரால்?" மறுநாள் அந்தத் துறைக்கு நானே தொலைபேசியில் பேசி, கோப்பில் யார் பெயரைக் குறிப்பிடட்டும் ஐயா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "நாங்க திரும்பச் சொல்றோம்" என்றார்கள். திரும்பச் சொல்லவே இல்லை. மூன்று மாதம் கழித்து என் முதல் குறிப்பின்படியே மனு தள்ளுபடியானது. நான் வீரம் ஏதும் காட்டவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பென்சில் சொல் இல்லாவிட்டால் என் கையெழுத்தில்தான் அந்த ஓடை குத்தகைக்குப் போயிருக்கும், பின்னாளில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் எனக்குத்தான் வந்திருக்கும்.

இப்போது படேலுக்குத் திரும்பலாம். அவர் சாதாரண அதிகாரி அல்லர். ஆங்கிலேயர் காலத்து ஆட்சிப் பணியான ஐ.சி.எஸ்.-இலிருந்து வந்தவர். 1947-இல் நாடு பிரிந்தபோது ராணுவத் தளவாடங்கள் முதல் அலுவலக நாற்காலிகள் வரை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்த வேலையில் இந்தியத் தரப்பில் தலைமையேற்றவர். பின்னர் பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்தவர். வாய்மொழி உத்தரவின் அபாயம் அவருக்குத் தெரியாதது அல்ல. தனக்குப் பணம் வந்தது என்று அவர்மீது நிறுவப்படவும் இல்லை. கையூட்டு வாங்கியவர் என்ற பொருளில் அவரைக் குற்றவாளி என்று யாராவது எழுதியிருந்தால் அது பிழை. ஆனால் கழகத்தின் பணத்தில் கோடி ரூபாய்க்கு மேல் போகும் ஒரு முடிவில், அமைச்சர் ஒப்பியது உண்மையென்றால் அன்று மாலையே "இன்ன தேதியில், இன்ன இடத்தில் அமைச்சரிடம் பேசப்பட்டது, அவர் இசைந்தார்" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை அவருக்கே சுற்றுக்கு அனுப்பியிருக்கலாம். அமைச்சர் கையெழுத்திட்டிருந்தால் செயலாளர் தப்பியிருப்பார். கையெழுத்திட மறுத்திருந்தால் பங்குகள் வாங்கப்பட்டே இருக்காது; எல்லாரும் தப்பியிருப்பார்கள். ஆகவே பலிகடா என்ற சொல் எனக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. பலிகடாவுக்கு எழுதுகோல் கிடையாது. இவர் கையில் இருந்தது.

அப்படியானால் அமைச்சர் ஏன் போனார் என்பது அடுத்தது. சாக்ளா இங்கே தெளிவாக இருந்தார். செயலாளரின் செயலுக்கு அரசமைப்பு முறையில் அமைச்சரே பொறுப்பு. தன் அதிகாரிகளுக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ளவும் முடியாது, அவர்கள் செய்ததைத் தனதல்ல என்று கைகழுவவும் முடியாது என்பது அவர் நிலை. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு பிரிட்டனில் ஒரு நில விவகாரம் நடந்தது. வருவாய்த் துறைக்காரன் என்பதால் அது எனக்கு நன்றாகப் புரிகிறது. டார்செட் என்ற மாவட்டத்தில் கிரிச்சல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கரை, குண்டுவீச்சுப் பயிற்சிக்காக இரண்டாம் உலகப் போருக்கு முன் அரசு எடுத்துக்கொண்டது. தேவை முடிந்த பின் நிலத்தைப் பழைய உரிமையாளர்கள் திரும்பப் பெறக் கேட்டபோது, வேளாண் துறை அதிகாரிகள் அவர்களை நடத்திய விதம் சந்தி சிரித்தது. 1954 ஜூலையில் வேளாண் அமைச்சர் சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். அப்போது உள்துறை அமைச்சராக இருந்த மேக்ஸ்வெல் ஃபைஃப் நாடாளுமன்றத்தில் இதை வகைப்படுத்திப் பேசினார். அமைச்சரின் வெளிப்படையான உத்தரவையோ கொள்கையையோ நிறைவேற்றிய அதிகாரியை அமைச்சர் காக்க வேண்டும். அதிகாரி சிறு பிழை செய்தால் பொறுப்பை ஏற்றுத் துறைக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அமைச்சருக்குத் தெரியாமலும் அவருக்கு உடன்பாடில்லாமலும் அதிகாரி கண்டிக்கத்தக்க ஒன்றைச் செய்திருந்தால், அதைச் சரியென்று தாங்கிப் பேச வேண்டிய கடமை அமைச்சருக்கு இல்லை, அவைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் உண்டு. இதோடு ஒப்பிட்டால் சாக்ளா இன்னும் கண்டிப்பானவர். கைகழுவும் வாசலையே அடைத்துவிட்டார். எனக்கு ஃபைஃப் வகுத்தது கூடுதல் நியாயமாகப் படுகிறது, ஆனால் அது கோப்பு ஒழுங்காக இருக்கும் நாட்டுக்குத்தான் உதவும். உத்தரவு இருந்ததா இல்லையா என்பதே தெரியாத இடத்தில், அமைச்சருக்கு அந்த வாசலைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு முறையும் அதன் வழியாகத்தான் வெளியேறுவார்கள். எனவே இந்திய நிலைமைக்குச் சாக்ளா சொன்னதே பொருத்தம் என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்கிறேன்.

இன்றைய விதி என்ன என்பதையும் கேட்டவருக்குச் சொல்ல வேண்டும், தேர்வுக்கும் அது உதவும். அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள், 1968-இல் மூன்றாம் விதி, அதிகாரி தன் சொந்த மதிப்பீட்டின்படி செயல்பட வேண்டும், மேலதிகாரியின் கட்டளைப்படி செயல்படும்போது தவிர, என்கிறது. அந்தக் கட்டளை வழக்கமாக எழுத்தில் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாயால் சொல்லப்பட்டால், சொன்னவர் உடனே அதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்; கேட்டவரும் எழுத்தில் உறுதி கேட்டு வாங்க வேண்டும். இரு பக்கத்திலும் கடமை உண்டு என்பதைக் கவனியுங்கள். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதையே வலியுறுத்தி, அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை நம்பி நடக்கலாகாது, கிடைத்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. ஆகவே "அமைச்சர் சொன்னார்" என்பது தனியாக நின்றால் பாதுகாப்பு ஆகாது. "அமைச்சர் சொன்னார், அன்றே எழுதினேன், இதோ" என்றால் ஆகலாம். ஆகலாம் என்றுதான் சொல்கிறேன், ஆகும் என்று அல்ல. சட்டத்துக்கு வெளிப்படையாக முரணான ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்தாலும் அது குற்றமே. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கு ஒன்றில் 2017-இல் அத்துறையின் முன்னாள் செயலாளர் ஒருவருக்கு டெல்லி சிறப்பு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தபோது, நேர்மையான மனிதர் என்று உடன் பணியாற்றியவர்கள் பலர் அவருக்காகப் பேசினார்கள். பொதுநலனின்றி ஒருவருக்கு ஆதாயம் கிடைக்கச் செய்தாலே குற்றம் என்றிருந்த ஊழல் தடுப்புச் சட்டக் கூறு, 2018 திருத்தத்தில் நீக்கப்பட்டது. தவறான முடிவுக்கும் ஊழலுக்கும் இடையே கோடு போட வேண்டும் என்ற வாதம் அந்தத் திருத்தத்தின் பின்னால் இருந்தது. அந்தக் கோடு முந்த்ரா காலத்திலேயே போடப்பட்டிருக்க வேண்டியது.

கடைசியாக, அமைச்சர் சில நாட்களில் வெளியேறினார், செயலாளர் விஷயம் மட்டும் ஏன் இழுத்தது என்ற அந்தச் சேலத்து வாசகரின் துணைக்கேள்வி. இதில் சதி ஏதும் தேட வேண்டியதில்லை. அமைச்சரின் பொறுப்பு அரசியல் பொறுப்பு. அதற்கு நிரூபணம் தேவையில்லை, அவையின் நம்பிக்கை குலைந்தால் போதும். கிருஷ்ணமாச்சாரியின் விலகலை ஏற்று நேரு எழுதிய கடிதத்திலேயே, இந்த விஷயத்தில் அவருடைய பங்கு மிகச் சிறியது என்று எழுதினார். பங்கு சிறியதாயினும் பதவி போனது. அதிகாரிக்கு அப்படியில்லை. அரசமைப்பின் 311-ஆம் பிரிவின்படி குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் கேட்டு, விசாரித்த பிறகே அவரைத் தொட முடியும். 320-ஆம் பிரிவின்படி தேர்வாணையத்தின் கருத்தையும் கேட்க வேண்டும். பழைய ஐ.சி.எஸ். காரர்களுக்கு 314-ஆம் பிரிவு தனிக் காப்பும் தந்திருந்தது. அதனால்தான் படேல், கழகத் தலைவர், நிர்வாக இயக்குநர் மூவரையும் பற்றி உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி விவியன் போஸ் தலைமையில் மீண்டும் ஒரு விசாரணை நடந்தது. படேல் பணியை விட்டு குஜராத்தின் வல்லப வித்யாநகரில் கல்விப் பணிக்குப் போனார். பிறகு சுதந்திராக் கட்சியில் சேர்ந்தார். சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி தொடங்கிய கட்சி அது என்பதால், நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிறு உறவு உண்டு. கிருஷ்ணமாச்சாரி 1962-இல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963-இல் மறுபடியும் நிதியமைச்சரானார். 1977-இல் மொரார்ஜி தேசாய் பிரதமரானபோது நிதியமைச்சராக அவர் தேர்ந்தெடுத்தவர் எச்.எம். படேல். இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் யாருடைய வாய்ச்சொல்லைச் சாட்சியாகக் காட்டினாரோ அவர் அமர்ந்திருந்த அதே இருக்கை. ஆயுள் காப்பீட்டுக் கழகமும் அந்தத் துறையின் கீழேயே இருந்தது.